பெண்களை ஏமாற்றும் வயிற்று வலி

"பெண்ணாகப் பிறந்துவிட்டால் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும், கண்ணே!"

மாதவிலக்கு நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருக்கும் மகளைப் பார்த்துத் தாய் சொல்லும் வார்த்தை இது. அந்தத் தாய்க்கு அவளுடைய தாய் சொன்னதும் இதுதான். தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் இந்தப் பேச்சு நடந்து வருகிறது.

சொல்லுகிறவர்கள் ஆறுதலாகத்தான் சொல்லுகிறார்கள். ஆனால் இந்த ஆறுதலுக்குப் பின்னால் ஒரு வியாதி பல ஆண்டுகள் ஒளிந்துகொண்டிருக்க முடியும். பள்ளிக்கூடத்தில் தொடங்கி, கல்யாணமாகி, குழந்தை இல்லையே என்று டாக்டரிடம் போகும் வரையில்கூட அது வெளியே தெரியாமல் இருந்துவிடும்.

அந்த வியாதியின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ்.

வாயில் சட்டென்று நுழையாத பெயர்தான். கிரேக்க மொழியில் "எண்டோ" என்றால் உள்ளே. "மெட்ரா" என்றால் கருப்பை. கருப்பையின் உட்படலம் சம்பந்தப்பட்ட வியாதி என்பது இதன் பொருள்.

பெயர் புதிது என்பதால் வியாதி அபூர்வமானது என்று நினைத்துவிட வேண்டாம். பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. உலகம் முழுவதும் கணக்கிட்டால் சுமார் 19 கோடிப் பேர்!

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

கருப்பையின் உட்புறத்தில் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. கரு தங்குவதற்கு மெத்தை போட்டதுபோல, மாதந்தோறும் அது தடித்து வளருகிறது. கரு தங்கவில்லையென்றால் அந்தப் படலம் கரைந்து, இரத்தத்தோடு வெளியே போய்விடுகிறது. இதுதான் மாதவிலக்கு.

எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களுக்கு, இந்தப் படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியேயும் திட்டுத் திட்டாக இருக்கிறது. சினைப்பையின்மீது இருக்கலாம். கருப்பையைத் தாங்கும் நார்களில் இருக்கலாம். குடலின்மீதும், மூத்திரப் பையின்மீதும் இருக்கலாம். அபூர்வமாகச் சிலருக்கு நுரையீரலுக்குக் கீழே உள்ள உதரவிதானம் வரைக்கும், சிசேரியன் ஆபரேஷன் செய்த தழும்பிலும்கூட இது காணப்படுகிறது.

வெளியே கிடக்கும் இந்தத் திட்டுகளும் மாதந்தோறும் ஹார்மோன்களின் கட்டளைக்குக் கீழ்ப்படிகின்றன. வீங்குகின்றன, இரத்தம் கசிகின்றன. ஆனால் அந்த இரத்தம் வெளியேற வழி இல்லை. முற்றத்தில் விழுந்த தண்ணீர் வாய்க்கால் வழியாக ஓடிவிடும். சுவருக்குள் கசிந்த தண்ணீர் எங்கே போகும்? சுவரைத்தான் ஊற வைக்கும். அதுபோலவே இங்கும் சுற்றியுள்ள இடம் புண்ணாகிறது, வீங்குகிறது, ஆறும்போது தழும்பு விழுகிறது. நாளடைவில் குடலும் கருப்பையும் சினைப்பையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் செய்யும்.

சினைப்பைக்குள் இப்படிப் பழைய இரத்தம் தேங்கிக் கட்டியானால், அது பழுப்பு நிறத்தில் குழம்பாக இருக்கும். டாக்டர்கள் அதற்கு "சாக்லேட் கட்டி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரில்தான் இனிப்பு; செய்வதெல்லாம் கசப்பு.

காரணம் என்ன?

1860-ம் ஆண்டிலேயே வியன்னா நகரத்து டாக்டர் கார்ல் ரோகிட்டான்ஸ்கி இத்தகைய திசுவைப் பற்றி எழுதிவிட்டார். 1920-களில் அமெரிக்க டாக்டர் ஜான் சாம்ப்சன் இதைத் தீவிரமாக ஆராய்ந்தார். மாதவிலக்கு இரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய்கள் வழியாகப் பின்னோக்கிச் சென்று வயிற்றுக்குள் சிந்துகிறது. அங்கே படலத்தின் துணுக்குகள் வேர்விட்டு வளருகின்றன என்று 1927-ல் அவர் விளக்கினார்.

இந்த விளக்கம் இன்றும் மதிக்கப்படுகிறது. ஆனால் முழு விடை இதில் இல்லை. ஏனென்றால், இரத்தம் பின்னோக்கிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிற காரியம். அவர்கள் எல்லோருக்கும் இந்த வியாதி வருவதில்லையே! பரம்பரை, ஹார்மோன், உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஆகிய பலவும் சேர்ந்து இதை உண்டாக்குகின்றன என்பதே ஆராய்ச்சியாளர்களின் இன்றைய அபிப்பிராயம். தாய்க்கோ உடன்பிறந்த சகோதரிக்கோ இருந்தால், ஒரு பெண்ணுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம்.

ஒன்று மட்டும் நிச்சயம். இது சுத்தக் குறைவால் வருவதல்ல. நடத்தைக் கோளாறால் வருவதல்ல. தொத்து வியாதியும் அல்ல. இது வந்த பெண் எந்தத் தப்பும் செய்யவில்லை.

இரண்டு பெண்களின் கதை

1970-ல் சென்னையில் பிறந்தவர் பத்மா லட்சுமி. அமெரிக்காவில் மாடல் அழகியாகவும், டெலிவிஷன் சமையல் நிகழ்ச்சிகளின் மூலமாகவும் உலகப் புகழ் பெற்றவர். புகைப்படங்களில் சிரித்த முகத்தோடு காட்சி அளித்த இந்தப் பெண்மணி, 13 வயது முதல் மாதந்தோறும் படுக்கையில் துடித்தவர். அது எண்டோமெட்ரியோசிஸ் என்று தெரிந்தபோது அவருக்கு வயது 36!

பணத்துக்குக் குறைவில்லை, அமெரிக்காவில் டாக்டர்களுக்கும் பஞ்சமில்லை. இருந்தும் 23 ஆண்டுகள் ஓடிவிட்டன. தனக்கு ஏற்பட்ட கதி மற்றப் பெண்களுக்கு ஏற்படக் கூடாது என்று, 2009-ல் டாக்டர் தாமர் செச்கினுடன் சேர்ந்து, இந்த வியாதியைப் பற்றிய அறிவைப் பரப்ப அமெரிக்காவில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். 2010-ல் ஒரு பெண் குழந்தைக்கும் தாயானார்.

மற்றொருவர் இங்கிலாந்தின் புகழ் பெற்ற நாவலாசிரியை ஹிலாரி மான்டெல். இளம் வயதில் அவர் வலி என்று போனபோது, டாக்டர்கள் அதை மனக் கோளாறு என்று முடிவு கட்டினார்கள். மனநோய்க்கான மருந்துகளைக் கொடுத்தார்கள். கணவருடன் ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா நாட்டில் வசித்தபோது, ஒரு மருத்துவப் பாட நூலைப் படித்துத் தன் வியாதி இன்னதென்று அவரே கண்டுபிடித்தார்!

லண்டனில் டாக்டர்கள் அதை உறுதி செய்தார்கள். ஆனால் அதற்குள் வியாதி முற்றிவிட்டது. 27-வது வயதில் கருப்பையும் சினைப்பைகளும் எடுக்கப்பட்டன. பிள்ளைப் பேறு என்பது இல்லாமலே போய்விட்டது. அதன் பிறகும் வியாதி அவரை முற்றிலும் விடவில்லை. அந்த உடம்போடுதான் அவர் எழுதினார், 2009-லும் 2012-லும் புக்கர் பரிசை வென்றார், 2022-ல் காலமானார்.

இந்த இருவரும் வாய் திறந்து பேசியதால் நமக்குத் தெரிகிறது. பேசாமல் இருக்கிறவர்கள் எத்தனை பேரோ!

எது சாதாரண வலி? எது வியாதி?

மாதவிலக்கின் முதல் ஓரிரு நாட்களில் அடிவயிறு வலிப்பது பல பெண்களுக்கு உண்டு. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாலோ, ஒரு மாத்திரை போட்டாலோ அது அடங்கிவிடும். அன்றாட வேலையைப் பார்க்கலாம். பயப்பட வேண்டிய அவசியமில்லை.

ஆனால் கீழே சொல்லுகிறவை வேறு ரகம். மாதந்தோறும் பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாமல் படுக்கையில் தள்ளும் வலி. மாத்திரைக்குக் கட்டுப்படாத வலி. ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகும் வலி. மாதவிலக்குக்குப் பல நாள் முன்னதாகவே தொடங்கி, முடிந்த பிறகும் நீடிக்கும் வலி. அந்த நாட்களில் மலம் கழிக்கும்போதும், மூத்திரம் போகும்போதும் உயிர் போகும் வேதனை. தாம்பத்திய உறவின்போது உள்ளே ஆழத்தில் வலி. இவற்றோடு தீராத களைப்பு, வயிற்று உப்புசம், குழந்தை தரிக்காமை.

இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலே பெண்களுக்கான டாக்டரிடம் போக வேண்டும்.

"சின்னப் பெண்தானே, இவளுக்கு எங்கே வரப்போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. முதல் மாதவிலக்கிலிருந்தே இந்த வியாதி தொடங்கக்கூடும். வயது ஒரு காப்பு அல்ல.

ஏன் இத்தனை தாமதம்?

வலி தொடங்கியதிலிருந்து வியாதியைக் கண்டுபிடிப்பதற்குப் பல நாடுகளில் 4 முதல் 12 ஆண்டுகள் வரை ஆகிறது. இதற்குக் காரணம் என்ன? டாக்டர் அறையில் வழக்கமாக நடக்கும் பேச்சைக் கேளுங்கள்:

"என்னம்மா செய்கிறது?"

"வயிற்று வலி, டாக்டர்."

"எப்போது வருகிறது?"

"அந்த மூன்று நாளும்தான்."

"அது எல்லோருக்கும் வருவதுதானே! இந்த மாத்திரையைப் போட்டுக்கொள்."

அவ்வளவுதான்! பெண் தன் கஷ்டத்தை முழுவதும் சொல்லவில்லை. டாக்டரும் மேற்கொண்டு கேட்கவில்லை. கூட வந்திருக்கும் அம்மாவின் முன்னால் மலம், மூத்திரம் பற்றிச் சொல்ல மகளுக்குக் கூச்சம். மாமியாரின் முன்னால் தாம்பத்தியத்தைப் பற்றிச் சொல்ல மருமகளுக்கு வெட்கம்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. குடல்மீது திட்டு இருந்தால் அது வயிற்றுப்போக்கு, அஜீரணம் போலத் தோன்றும். மூத்திரப் பையின்மீது இருந்தால் மூத்திரக் கடுப்பு போலத் தோன்றும். ஆகவே பெண் ஒரு டாக்டரிடமிருந்து இன்னொரு டாக்டரிடம் அலைகிறாள். ஒவ்வொருவரும் ஒரு மருந்து தருகிறார்கள். மூல வியாதி மட்டும் அப்படியே இருக்கிறது.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். அல்லது வீட்டில் தொங்கும் காலண்டரே போதும். எந்தத் தேதியில் மாதவிலக்கு வந்தது, எந்தத் தேதியில் வலி வந்தது, எங்கே வலித்தது, 10-க்கு எத்தனை மார்க் போடலாம், என்ன மாத்திரை போட்டீர்கள், அது கேட்டதா, எந்த வேலையைச் செய்ய முடியாமல் போனது என்று குறித்து வையுங்கள். மலம், மூத்திரம் போகும்போது வலித்தால் அதையும் எழுதுங்கள்.

மூன்று மாதக் குறிப்பை டாக்டரிடம் நீட்டிப் பாருங்கள். "வயிற்று வலி" என்று ஒரு வார்த்தை சொல்வதைவிட அது ஆயிரம் மடங்கு பேசும். வாயால் சொல்லக் கூச்சப்படும் விஷயத்தையும் அந்தக் காகிதம் சொல்லிவிடும்.

கண்டுபிடிப்பது எப்படி?

டாக்டர் முதலில் விவரம் கேட்பார். பிறகு உடம்பைப் பரிசோதிப்பார். அடுத்தது ஸ்கேன். சாக்லேட் கட்டியும், ஆழமாக வேர்விட்ட திட்டுகளும் அநேகமாக ஸ்கேனில் தெரிந்துவிடும். பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன் நன்றாகக் காட்டும். கல்யாணமாகாத பெண்களுக்கு வயிற்றின்மேல் வைத்துச் செய்யும் ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ. படம் எடுப்பதுண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. மேலாகப் படிந்திருக்கும் சிறு திட்டுகள் ஸ்கேனில் அகப்படுவதில்லை. "ஸ்கேனில் ஒன்றும் இல்லை, எல்லாம் உன் மனப் பிராந்தி" என்று யாராவது சொன்னால், அதை நம்பி ஓய்ந்துவிடக் கூடாது.

வயிற்றில் சிறு துளை போட்டு, காமிரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பார்ப்பது லாப்ராஸ்கோபி. இப்படிப் பார்த்தால்தான் வியாதியை உறுதி செய்ய முடியும் என்று முன்பெல்லாம் சொன்னார்கள். 2022-ல் ஐரோப்பிய நிபுணர்கள் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை மாற்றிவிட்டது. அறிகுறிகளையும் ஸ்கேனையும் வைத்தே சிகிச்சையைத் தொடங்கலாம். ஸ்கேனில் தெரியாதபோதும், மருந்து பலிக்காதபோதும் லாப்ராஸ்கோபியை யோசிக்கலாம் என்று அவர்கள் கூறினார்கள். ஆபரேஷனுக்குப் பயந்து டாக்டரிடமே போகாமல் இருக்கும் பெண்களுக்கு இது நல்ல செய்தி.

வியாதியின் அளவை 1 முதல் 4 வரை நிலைகளாகப் பிரிப்பார்கள். ஆனால் முதல் நிலையில் உள்ளவள் வலியால் துடிக்கலாம். நாலாம் நிலையில் உள்ளவள் வலியே அறியாமல் இருக்கலாம். ஆகவே, "உனக்குக் கொஞ்சம்தானே இருக்கிறது, ஏன் இப்படிக் கத்துகிறாய்?" என்று கேட்பது நியாயமல்ல.

வலிக்கு என்ன வழி?

இந்த வியாதியை அடியோடு ஒழிக்கும் மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனால் அடக்கி வைக்க முடியும். சர்க்கரை வியாதிக்காரர்கள் சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்து வாழ்கிறார்கள் அல்லவா? அதுபோலத்தான்.

முதல் படி, வலி மாத்திரைகள். இபுபுரோஃபென், நாப்ராக்சென், மெஃபெனமிக் அமிலம் போன்றவை இந்த ரகம். வலி உச்சத்துக்குப் போன பிறகு போடுவதைவிட, தொடங்கும்போதே போட்டால் நன்றாகக் கேட்கும். சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும். கடைக்காரரிடம் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகக் கோளாறையும் கொண்டுவரும். மெஃபெனமிக் அமிலத்தால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று 2023-ல் இந்திய மருந்தியல் ஆணையமே எச்சரிக்கை விடுத்தது. ஆகவே டாக்டர் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த படி, ஹார்மோன் சிகிச்சை. மாதவிலக்கைக் குறைத்தோ நிறுத்தியோ வைத்தால், வெளியே உள்ள திட்டுகளும் தூங்கிவிடும் என்பதே இதன் தத்துவம். கருத்தடை மாத்திரைகள், டையனோஜெஸ்ட் போன்ற மாத்திரைகள், கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனம், கடுமையான நிலையில் சில ஊசிகள் ஆகியவை உண்டு. ஊசிகளால் உடம்பில் அனல் பறப்பது போன்ற உணர்ச்சியும், எலும்புத் தேய்மானமும் வரக்கூடும் என்பதால் அவற்றை டாக்டர்கள் கவனமாகவே தருவார்கள்.

இங்கேதான் நம் தாய்மார்கள் திடுக்கிட்டுப் போகிறார்கள். "கல்யாணமாகாத பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரையா? நாலு பேர் என்ன நினைப்பார்கள்? நாளைக்குக் குழந்தை பிறக்காமல் போய்விட்டால்?" என்று மருந்துச் சீட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள்.

அம்மா, இங்கே அந்த மாத்திரை வலிக்கு மருந்து, வேறெதற்கும் அல்ல. மாத்திரையை நிறுத்தினால் மாதவிலக்கு திரும்பிவிடும். பிள்ளை பெறும் சக்தியை அது அழிப்பதில்லை. கவனிக்காமல் விட்ட வியாதிதான் அதைப் பாதிக்கக்கூடியது. இரத்தக் கட்டு, உயர்ந்த இரத்த அழுத்தம், கடுமையான ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குச் சில ரக மாத்திரைகள் ஆகாது. எனவே எது ஏற்றது என்பதை டாக்டரே தீர்மானிக்க வேண்டும்.

ஆபரேஷன் எப்போது?

மருந்துக்கு அடங்காத வலி, பெரிய கட்டி, குடல் அல்லது மூத்திரக் குழாய் நெருக்கப்படுதல், குழந்தைப் பேற்றுக்குத் தடை — இப்படிப்பட்ட நிலைகளில் ஆபரேஷன் தேவைப்படலாம். லாப்ராஸ்கோபி மூலமாகவே திட்டுகளை அறுத்து எடுக்கிறார்கள். இதில் அனுபவம் வாய்ந்த டாக்டரைத் தேடுவது அவசியம்.

ஆபரேஷனோடு எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். சில ஆண்டுகளில் வியாதி திரும்புவதுண்டு. அதைத் தடுக்க, உடனடியாகக் குழந்தை வேண்டாதவர்களுக்கு ஹார்மோன் மாத்திரைகளைத் தொடர்ந்து கொடுப்பார்கள். சினைப்பையில் திரும்பத் திரும்ப ஆபரேஷன் செய்தால் முட்டைகளின் இருப்புக் குறையும். ஆகவே குழந்தை விரும்புகிறவர்கள், ஆபரேஷனுக்கு முன்பே அதைப் பற்றி டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

"கருப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது" என்பதும் முழு உண்மையல்ல. வியாதி இருப்பது கருப்பைக்கு வெளியே அல்லவா?

"கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்!"

இது நம் நாட்டுக்கே உரிய மருந்துச் சீட்டு. கல்யாணம் ஆனதும், "ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும்" என்று அடுத்த சீட்டு எழுதப்படுகிறது.

கர்ப்ப காலத்தில் மாதவிலக்கு இல்லாததால் சிலருக்கு வலி குறைவது உண்மை. ஆனால் பிரசவத்துக்குப் பிறகு வலி திரும்பலாம். கல்யாணமும் பிரசவமும் வைத்தியம் அல்ல. வலியோடு ஒரு பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பினால் அவளுக்கு இன்னொரு வலியும் சேருகிறது. இரவில் கணவனிடம் காரணம் சொல்ல முடியாமல் ஒதுங்குகிறாள். அவன் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறான். குழந்தை இல்லையென்றால் பழியும் அவள் தலையில் விழுகிறது.

இந்த வியாதி உள்ளவர்களில் பலருக்குக் கருத்தரிப்பது கஷ்டமாகலாம். ஆனால் எல்லோருக்கும் அல்ல. இயற்கையாகவே தாயானவர்கள் ஏராளம். சிகிச்சையின் உதவியால் தாயானவர்களும் பலர். டாக்டரிடம் போகும்போது கணவனும் கூடப் போக வேண்டும். அவன் காதாலும் கேட்டுவிட்டால் வீட்டில் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

அன்றாட வாழ்க்கையில்

வெந்நீர்ப் பையை அடிவயிற்றில் வைத்துக்கொள்வது எளிய, நல்ல உபாயம். முடிந்த நாட்களில் நடைப் பயிற்சியும், மெல்லிய உடற்பயிற்சியும் செய்யலாம். கீரை, காய்கறி, தண்ணீர் அதிகம் சேர்த்து மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொண்டால், அந்த நாட்களின் வேதனை குறையும். பல ஆண்டு வலியால் இடுப்புத் தசைகள் இறுகிப் போனவர்களுக்கு பிசியோதெரபி சிகிச்சை உதவலாம்.

மோரில் வெந்தயமும், சுக்குக் கஷாயமும், பெருங்காயமும் பாட்டி காலத்து மருந்துகள். அளவோடு சாப்பிட்டு இதம் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் அவை திட்டுகளைக் கரைத்துவிடும் என்று நம்பி டாக்டரிடம் போகாமல் இருக்கக் கூடாது. "ஒரே மாதத்தில் பூரண குணம்" என்ற விளம்பரங்களிடம் பணத்தைக் கொட்டவும் வேண்டாம்.

வேலை செய்யும் இடத்திலும் கொஞ்சம் மனிதாபிமானம் தேவை. ஜப்பான் 1947-லேயே மாதவிலக்கு விடுமுறைக்குச் சட்டம் செய்தது. பீகாரில் அரசாங்கப் பெண் ஊழியர்களுக்கு 1992 முதல் மாதம் 2 நாள் விடுமுறை உண்டு. 2023-ல் ஸ்பெயின் தேசமும் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் இல்லாத இடத்திலும் ஒரு நாற்காலி, ஓர் ஓய்வறை, ஒரு மணி நேர அவகாசம் கொடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

திடீரென்று தாங்க முடியாத வலி, ஜுரம், ஓயாத வாந்தி, மயக்கம் ஆகியவை வந்தால் மட்டும் ஒரு கணமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கட்டி வெடித்திருக்கலாம், சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், கரு குழாயில் தங்கியிருக்கலாம்.

எண்டோமெட்ரியோசிஸ் புற்றுநோய் அல்ல. அதனால் மரணம் வருவதும் அநேகமாக இல்லை. ஆனால் ஒரு பெண்ணின் படிப்பை, வேலையை, தாம்பத்தியத்தை, தாய்மையை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடக்கூடியது. வலி தொடங்கிய ஆண்டிலேயே கவனித்தால் இவ்வளவையும் காப்பாற்றலாம்.

ஆகவே தாய்மார்களே, உங்கள் மகள் அடுத்த மாதம் "வலி தாங்க முடியவில்லை அம்மா" என்று சொன்னால், பொறுத்துக்கொள் என்று சொல்லாதீர்கள். "எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி அவளுக்குப் பத்து ஆண்டுகளை மிச்சப்படுத்திக் கொடுக்கும்.